சீனாய் மலையில் நாங்கள் கண்ணை மூடியிருந்தபோது

1. இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டேன். சாப்பிட்டுவிட்டதாக அம்மா சொன்னார். ஊசிப் பட்டியலில் சரி அடையாளம் இட்டேன்.

2. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மலையேறத் தொடங்கினோம். நாங்கள் பதினான்கு பேர். வழிகாட்டி ஒருவர்.

3. இரண்டு மணிக்கு வழியில் நின்று ஜெபித்தோம். எல்லோரும் கண்ணை மூடினோம்.

4. கண்ணைத் திறந்தபோது பதின்மூன்று பேர்தான் இருந்தோம். அம்மா இல்லை.

5. வழிகாட்டியும் இல்லை.

கடந்த பெப்ரவரி மாதம் சீனாய் மலையில் நடந்தது இது. இந்த ஐந்து வரிகளையும் மறுநாள் ஹோட்டலுக்குத் திரும்பியதும் என் போனில் எழுதினேன்.

நான் கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மூச்சு கொடுக்கும் இயந்திரம், மருந்து ஏற்றும் பம்ப், இதயத் துடிப்பைக் காட்டும் திரை, இவற்றையெல்லாம் சோதித்துச் சரிபார்ப்பது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு ஒரு விதி சொல்லித் தந்தார்கள். அலாரம் அடிக்கிற கருவியைவிட அடிக்காமல் இருக்கிற கருவியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். அந்த விதியை நான் கருவிகளிடம் சரியாகக் கடைப்பிடித்தேன். மனிதர்களிடம் தலைகீழாகக் கடைப்பிடித்தேன் என்பது அந்த மலையில்தான் தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பா பத்தொன்பது நாட்கள் வார்டில் கிடந்தார். அவருடைய கட்டிலுக்கு மேலே இருந்த திரையை எனக்கு வாசிக்கத் தெரியும். எண்கள் ஒவ்வொரு நாளும் இறங்கின. பார்க்க வந்தவர்களோ, "பயப்படாத, எழும்பிருவாரு" என்றார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அப்பாவின் தலைமேல் கைவைத்து, இவர் நடந்தே வீட்டுக்குப் போவதை ஆண்டவர் தமக்குக் காட்டினார் என்றார். அம்மா சத்தமாக ஆமென் சொன்னார். நானும் சொன்னேன். மறுநாள் விடியுமுன் அப்பா போய்விட்டார்.

அன்றோடு நான் வாய்திறந்து ஜெபிப்பதை நிறுத்தினேன். சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மாவுக்காகப் போனேன். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். யார் உண்மையாக அழுகிறார், யார் மற்றவர் பார்ப்பதற்காக அழுகிறார் என்று பார்ப்பேன். கைப்பைகளைப் பார்ப்பேன். கதவைப் பார்ப்பேன். யார் என்ன சொன்னாலும் எனக்குள் ஒரே கேள்விதான் எழும்பும். இதை எப்படிச் சரிபார்ப்பது?

இப்படிப்பட்ட ஒருத்தி எதற்காகப் புனித பூமிப் பயணம் போனாள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சபையிலிருந்து போன குழுவோடு அம்மா தனியாகப் போகப் பார்த்தார். அவருக்குப் பதினொரு வருடமாகச் சீனி வியாதி. காலையும் இரவும் ஊசி. அம்மாவை வேறு யாருடைய பொறுப்பிலும் விட எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

கெய்ரோவில் இறங்கிய நிமிடத்திலிருந்து நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் சாரதி கண்ணாடியில் எங்களையே பார்க்கிறார் என்று தோன்றியது. ஹோட்டல் வரவேற்பறையில் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்தபோது, திருப்பித் தரும்வரை அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தலைகளை எண்ணினேன். கண்டிக்கு அடுத்த பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கும் கிரேஸ் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை.

"என்னை எண்ணிட்டியா ஜெனி? ரெண்டு தடவை எண்ணிக்க. நான் ரெண்டு பேர் அளவு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்தார்கள். வழிகாட்டி இல்லாமல் இருட்டில் யாரும் ஏறக்கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். அவர் பெயர் சாலிம். அந்தப் பாலைவனத்து ஆள். கண்கள் மட்டும் தெரியும்படி முகத்தைச் சால்வையால் சுற்றியிருந்தார். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். என் மனதுக்குள் அவருக்கென்று ஒரு தனிப் பட்டியல் திறந்துகொண்டது.

முதலாவது, முகம் தெரியவில்லை. இரண்டாவது, எங்களில் யாருக்கு நோய் வருத்தம் இருக்கிறது, யார் மெதுவாக நடப்பார் என்று கேட்டார். எதற்கு அவருக்கு அது? மூன்றாவது, நிலவு இருக்கிறது, டோர்ச்சை அணையுங்கள் என்றார். நான்காவது, கொஞ்ச நேரத்துக்கொரு தடவை யாருடனோ அரபியில் போனில் பேசினார். பேசும்போது எங்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அந்த மலையில் ஒரே நேரத்தில் பல நாட்டுக் குழுக்கள் ஏறும். இருட்டில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூப்பிடு பெயர் வைப்பார்கள். எங்களுக்கு என்ன பெயர் என்று சாலிம் கேட்டபோது, எங்களைக் கூட்டிவந்த சபைப் போதகர் யோசிக்குமுன்னே கிரேஸ் அக்கா முந்திக்கொண்டார்.

"கண்டின்னு கூப்பிடச் சொல்லுங்க பாஸ்டர். சும்மா இல்ல, நம்ம குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல பஸ்காரன் கூப்பிடுற மாதிரி." பிறகு தாமே நடுவில் நின்று கையை ஆட்டிக் கூவிக் காட்டினார். "கண்டி, கண்டி, கண்டீ!"

சாலிம் அதை அப்படியே திருப்பிக் கூவினார். கடைசி இழுப்பு உட்பட. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். "ஐயோ, இவன் கடுகண்ணாவ பஸ்ஸுல வேலை செஞ்சிருப்பான் போல" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இந்த ஆள் இருட்டில் எங்கிருந்து கூப்பிட்டாலும் எங்கள் ஆட்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அது ஐந்தாவது.

ஆறாவதுதான் என்னை மிகவும் உறுத்தியது. புறப்படுமுன் அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சாலிம் குனிந்து அவர் கையில் எதையோ கொடுத்தார். அம்மா அதைச் சட்டென்று தமது பைக்குள் மறைத்தார். சாலிம் தம் வாயைக் காட்டினார், பிறகு வானத்தைக் காட்டினார். அம்மா உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆள் என்னம்மா குடுத்தாரு?"

"பிஸ்கட்டு."

"ஏன் சாப்பிடல?"

"வயிறு நெறைஞ்சிருக்கு பாப்பா. ராத்திரிதான் அவ்வளவு சாப்பிட்டேனே."

பொய் சொல்கிற அம்மா இல்லை எங்கள் அம்மா. ஆகவே, வானத்தைக் காட்டி ஏதோ மந்திரம் மாயம் சொல்லி அம்மாவை மயக்கப் பார்க்கிறார் என்று சாலிமின் பட்டியலில்தான் ஒரு வரி கூட்டினேன். அம்மாவின் பெயரில் எனக்குப் பட்டியலே இருக்கவில்லை.

ஏறத் தொடங்கினோம். ஒட்டகப் பாதை வளைந்து வளைந்து போகிறது. மரம் இல்லை, புல் இல்லை. எங்கள் ஊர் ஹந்தானை மலையில் ஏறிப் பழகிய காலுக்கு அந்த மலை விளங்கவில்லை. எங்கள் மலையில் இருட்டானாலும் ஈர வாசம் இருக்கும், தவளை கத்தும். இங்கே கல்லும் காற்றும் மட்டும். எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே பயமாக இருந்தது.

சரியாக இரண்டு மணிக்குப் போதகரின் போனில் அலாரம் அடித்தது. கண்டியில் அப்போது காலை ஐந்தரை. எங்கள் சபையில் தினமும் ஐந்தரைக்கு ஜெபம். எங்கே இருந்தாலும், பஸ்ஸில் இருந்தாலும் கூட, அந்த நேரத்தில் நின்று ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஊரில் நம் ஆட்கள் முழங்காலில் நிற்கும் அதே நிமிடத்தில் நாமும் சீனாயில் நிற்கிறோம் என்று போதகர் சொன்னார். எல்லோரும் வட்டமாக நின்றோம். எங்கள் ஜெபம் இப்படித்தான். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் தத்தம் வார்த்தையில், சத்தமாக.

நான் வழக்கம்போல் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். கிரேஸ் அக்கா என் கையைக் கிள்ளினார்.

"கண்ணை மூடு பிள்ளை. இங்க வந்துமா காவல் காக்கிற? இது அவரோட மலை. அவர் பாத்துக்குவாரு."

வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அன்று கண்ணை மூடினேன். வாய் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு சும்மா நின்றேன். பத்து நிமிடம் இருக்கும்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம். எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று.

"அம்மா!"

பதில் இல்லை. சாலிம் நின்ற பாறையைப் பார்த்தேன். அவரும் இல்லை.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குள் ஒரு குரல், நான் அப்போதே சொன்னேன் அல்லவா என்றது. என் ஆறு சந்தேகங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கதையாகிவிட்டன. முகமூடி, போன், பிஸ்கட், அணைத்த விளக்கு. ஒரே தடவை கண்ணை மூடினேன். அந்த ஒரே தடவையில் பறிகொடுத்துவிட்டேன். அப்பாவின் கட்டிலருகே ஆமென் சொன்னேன், போய்விட்டார். இங்கே ஆமென் சொன்னார்கள், அம்மாவும் போய்விட்டார்.

போதகர் இரண்டு சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு கீழ்நோக்கி ஓடினார். மற்றவர்களை அசையாமல் அங்கேயே நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. டோர்ச்சைப் போட்டுக்கொண்டு மேல்நோக்கி ஓடினேன். என் முதுகுப் பையின் வலது பக்க அறையில் குளுக்கோஸ் இருந்தது. சீனி பார்க்கும் மீட்டர் இருந்தது. எல்லாம் பட்டியல்படி இருந்தன. அம்மாதான் இல்லை. பின்னால் கிரேஸ் அக்கா மூச்சு வாங்க வந்தார். "நில்லு ஜெனி, நில்லு பிள்ளை, விழுந்திருவ."

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். அப்போது கேட்டது.

"கண்டி, கண்டி, கண்டீ!"

சாலிமின் குரல். அது பாதையிலிருந்து வரவில்லை. இடது பக்கம், பாறைகளுக்கு நடுவே ஓர் இருண்ட பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. வெளிச்சம் எதுவும் தெரியவில்லை.

பாதையை விட்டு விலகக் கூடாது. அது என் பயணப் பட்டியலின் முதல் வரி. குழுவுக்கு நானே வாசித்துக் காட்டிய வரி. நான் அசையாமல் நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அவன்தான் கூப்பிடுறான். போவோமா?"

"எதுக்கு அங்க இருந்து கூப்பிடுறாரு? ஏன் பாதைக்கு வரல?"

"எனக்கு என்ன தெரியும்? இங்க நின்னா மட்டும் தெரியுமா?"

சரிபார்க்க எதுவும் இல்லை. திரை இல்லை, எண் இல்லை. அப்போது என் வாய் தானாகத் திறந்தது. நான் சொன்னதை அக்காவும் கேட்டார்.

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல கோபம். அதை அப்புறம் பேசுவோம். இப்ப எங்கம்மாவைக் காட்டுங்க. நான் போறேன். பொய்யா இருந்தாலும் போறேன். நீங்க இருங்க."

அழகான ஜெபம் இல்லை. மூன்று வருடத்தில் என் முதல் ஜெபம் அதுதான்.

பாதையை விட்டு இறங்கினேன். ஒரு கல், இன்னொரு கல். அக்கா என் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பத்து அடி போயிருப்போம். மறுபடியும் அந்தக் கூவல் வந்தது. அதன் பின்னால் இன்னொரு குரல், மெல்லிய, குழறிய குரல்.

"தம்பி, நிப்பாட்டுங்க. நான் குட்ஷெட்ல எறங்கணும்."

அம்மா!

நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றும் தெரியாது. அக்கா இரண்டையும் செய்தார். "வந்துட்டோம், வந்துட்டோம், எறக்கம் இருக்கு!" என்று பஸ்ஸில் இறங்குகிறவர் போலக் கத்திக்கொண்டே என்னைத் தள்ளினார்.

பாறைக்குப் பின்னால் ஒரு தேநீர்க் குடில். கல்லாலும் பழைய கம்பளங்களாலும் கட்டியது. பாதையிலிருந்து வெளிச்சம் தெரியாதபடி வாசலுக்கும் கம்பளம் தொங்கியது. உள்ளே அம்மா கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. அவர்மேல் சாலிமின் சால்வை கிடந்தது. சாலிமின் முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். முப்பது வயது இருக்கும். பயந்துபோன முகம். ஒரு கையால் அம்மாவின் தலையைத் தாங்கி, மறு கையால் சின்னக் கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்தார். குவளையின் அடியில் கரையாத சீனி அரை அங்குலம்.

மீட்டரை எடுத்தேன். எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. ஐம்பத்தொன்று. அவ்வளவு சீனித் தேநீர் குடித்த பிறகும் ஐம்பத்தொன்று. அதற்கு முன் என்னவாக இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. குளுக்கோஸ் கொடுத்தேன். பதினைந்து நிமிடம். எழுபத்து நான்கு. இன்னும் கொஞ்ச நேரம். நூற்றுப் பன்னிரண்டு. அம்மாவின் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார். "எங்க இருக்கோம் பாப்பா?" என்றார்.

நடந்ததைச் சாலிம் சொன்னார். தெரிந்த இங்கிலீஷிலும் மீதியைக் கையாலும். நாங்கள் ஜெபிக்கத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் அம்மா வட்டத்தை விட்டு விலகிப் பள்ளத்தின் பக்கம் தள்ளாடி நடந்திருக்கிறார். ஜெபத்தைக் குலைக்கக் கூடாது என்று யாரையும் தொடவில்லை. பதின்மூன்று பேர் பக்கத்தில் நின்றோம். ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். அங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே மனிதர். பள்ளத்தின் விளிம்பில் வைத்து அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறார். எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் சத்தத்தில் கேட்கவில்லை. வட்டத்துக்குள் வந்து எங்களில் ஒருவரைத் தட்டியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் அதிர்ச்சியோடு தலையை ஆட்டினார். இறைவனோடு பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக் குறுக்கே போவது அவருடைய மார்க்கத்தில் பெரிய பிழையாம். அதனால் அம்மாவைக் குறுக்கு வழியாகத் தாங்கிக்கொண்டு குடிலுக்கு வந்து, சீனித் தேநீர் கொடுத்துக்கொண்டே கூவியிருக்கிறார். அம்மாவின் தலையை விட்டுவிட்டு வெளியே வரவும் முடியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், சீனி குறைந்துவிட்டது என்று?" என்று கேட்டேன்.

அவருடைய உம்மாவுக்கும் அதே வியாதியாம். பிறகு அம்மாவைக் காட்டி, தம் வாயைக் காட்டி, வானத்தைக் காட்டினார். கீழே நான் பார்த்த அதே சைகை. அப்போது அவர் கேட்டது இதுதான்: ஆண்டவனுக்காக நோன்பு இருக்கிறீர்களா? வருடந்தோறும் நோன்பு பிடிக்கிறவருக்கு நோன்பிருப்பவரின் முகம் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"ராத்திரி சாப்பிடலையா?"

அம்மா சால்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"ஊசி போட்டேனே! சாப்பிட்டேன்னு சொன்னீங்களே!"

"முந்தாநாள் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். நேத்து முழுக்க உபவாசம். நீ தலை எண்ணிக்கிட்டு இருந்த நேரத்துல சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டேன். உண்மையச் சொன்னா நீ விடமாட்ட."

"செத்துப் போயிருப்பீங்கம்மா!"

"சாகலையே." நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கப்பா போனதுலருந்து நீ வாய்தொறந்து ஜெபிக்கல. அதுக்காகத்தான் இருந்தேன். இந்த மலையில வச்சு ஒரு தடவையாவது அவர்கிட்ட பேசிருன்னு."

அக்கா என்னை முந்திக்கொண்டார். "பேசிட்டா. சண்டைதான் புடிச்சா. ஆனா பேசிட்டா. நான் சாட்சி."

அம்மா கண்ணைத் துடைத்தார். "அப்போ அந்த பிஸ்கட்ட எடு பாப்பா. பசிக்குது."

அன்பானவர்களே, இங்கே நான் கவனமாக எழுத வேண்டும். என்னை ஜெபிக்க வைப்பதற்காக ஆண்டவர் அம்மாவைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனார் என்று நான் சொல்ல மாட்டேன். அதை நான் நம்பவில்லை. ஆபத்தை உண்டாக்கியது நாங்கள். அம்மா மறைத்தார். நான் பார்க்காததைப் பார்த்ததாக அடையாளம் இட்டேன். அலாரம் அடிக்காத ஒரே கருவியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து நடக்கும் முன்பே அதன் பக்கத்தில் ஒரு மனிதர் நிறுத்தப்பட்டிருந்தார். நான் கேட்ட பிறகு அனுப்பப்பட்டவர் அல்ல. நான் கேட்கும் முன்பே அங்கே நின்றவர். ஒரு மணி நேரமாக நான் யாருக்கு எதிராகப் பட்டியல் போட்டேனோ, அவரே என் ஜெபத்தின் பதிலாக இருந்தார். டோர்ச்சை அணைக்கச் சொன்னது வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்து காலடியை மறைக்கும் என்பதால். யாருக்கு வருத்தம் என்று கேட்டதற்கு அம்மா அன்று கை உயர்த்தியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. போனில் பேசியதெல்லாம் குடிலில் இருந்த தம் மைத்துனருடன். வருகிற குழுவில் ஓர் அம்மா நோன்போடு ஏறுகிறார், அடுப்பை அணைக்காதே என்று சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கொண்டுவந்தபோது மைத்துனர் அடுப்பை எரியவிட்டு அடுத்த குடிலுக்குப் போயிருந்தாராம்.

எல்லாச் சந்தேகமும் பொய்யாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். நாங்கள் குடித்த ஒவ்வொரு தேநீருக்கும், திரும்பி வந்த மைத்துனரிடமிருந்து சாலிமுக்கு ஒரு பங்கு போனதை நான் பார்த்தேன். கிரேஸ் அக்காவிடம் சொன்னேன். "போகட்டும் விடு. பிலிமத்தலாவையில பஸ் நிறுத்துற கடையில மட்டும் என்ன நடக்குது?" என்றார்.

கீழே ஓடிய போதகர் கூவலைக் கேட்டுத் திரும்பி வந்தார். குடிலுக்குள் வந்து அம்மாவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மற்றவர்களை இன்னொரு வழிகாட்டியோடு உச்சிக்குக் கூட்டிப் போனார். நானும் அம்மாவும் குடிலிலேயே இருந்தோம். கிரேஸ் அக்காவும் இருந்தார். "நான் ஏறாம இருக்க நல்ல காரணம் கேட்டு ஜெபிச்சேன்" என்று சொல்லிக் கம்பளத்தில் சாய்ந்தார்.

விடியுமுன் சாலிம் குடிலுக்கு வெளியே தொழுதார். தண்ணீர்ப் போத்தலை எடுக்க நான் அவருக்கு முன்னால் போக வேண்டியிருந்தது. போகவில்லை. அவர் முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

பிறகு சூரியன் வந்தது. உச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தோம். பார்த்தது ஒரு தேநீர்க் குடிலின் வாசலிலிருந்து. எதிர்ப்பாறை முதலில் சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு சுட்ட செங்கல் போல, பிறகு மாம்பழத் தோல் போல மாறியது. வெளிச்சம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கல்லாக இறங்கி வந்தது. எங்கள் காலுக்கு வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தார். நான் ஜெபித்தேன். சத்தமாக. கோபம் பற்றியும் பேசினேன். அப்பாவைப் பற்றியும் கேட்டேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

கண்டிக்குத் திரும்பிய பிறகு, அன்று ஐந்தரை ஜெபத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லி உள்ளத்தில் பாரத்தோடு ஜெபித்ததாக ஒரு சகோதரி சொன்னார். அவருக்கு நன்றி. அவர் எல்லா நாளும் அம்மாவின் பெயரைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதை நான் அற்புதங்களின் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையுள்ள அன்பின் கணக்கில் சேர்க்கிறேன். தினமும் ஒருவர் நமக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே போதும்.

என்னைப் போல் சந்தேகத்தோடு இருக்கிற யாராவது இதை வாசித்தால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் சரிபார்த்துவிட்டுப் பாதையை விட்டு இறங்கவில்லை. இறங்கிய பிறகுதான் அம்மாவின் குரல் கேட்டது. உங்கள் கேள்வியையும் கோபத்தையும் கையிலேயே வைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வையுங்கள். பதிலைக் கொண்டு வருகிறவர் நீங்கள் எதிர்பார்க்கும் முகத்தோடு வராமல் இருக்கலாம். முகத்தை மூடிக்கொண்டும் வரலாம்.

இன்றைய நிலவரம் இது. அம்மாவின் சீனி இன்று காலை நூற்று முப்பத்திரண்டு. கிளினிக்கில் நன்றாகத் திட்டு வாங்கினார். இப்போது உபவாசம் இருப்பதென்றால் முதலில் டொக்டரிடமும் பிறகு என்னிடமும் சொல்கிறார். ஊசிப் பட்டியலில் 'சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன். நான் இன்னும் தலைகளை எண்ணுகிறேன். சபையில் எனக்கு ஒரு பொறுப்பு தந்திருக்கிறார்கள். ஐந்தரை ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நானும் வாய்விட்டு ஜெபித்தபடி, யாருக்காவது முடியாமல் போகிறதா என்று பார்க்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.